கடிகாரம் கொடுத்தவர்

எங்கள் பெரியப்பா 34 வருஷம் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவர். ரிட்டயர் ஆன பிறகும் யாராவது 'டிஸ்கஸ் அபௌட்' என்று சொன்னால் அவருக்கு முகம் சுளிக்கும். 2024ல், செப்டம்பர் மாதத்தில் ஒருநாள் காலை பத்து மணிக்கு அவருக்கு ஒரு போன் வந்தது. அவர் பெயரில் ஒரு பார்சல் பிடிபட்டிருக்கிறதாம். அதில் போதைப்பொருளாம். அடுத்த நிமிஷம் வீடியோ காலில் போலீஸ் யூனிஃபார்மில் ஒருவன். பின்னால் கொடி, மேஜை, ஃபைல்கள். போனை அணைக்கக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது, பேங்க்கில் இருக்கும் பணத்தை 'சரிபார்ப்புக்கு' அனுப்ப வேண்டும், நிரபராதி என்று தெரிந்தால் சாயந்திரமே திரும்ப வந்துவிடும்...

மிச்சத்தை நீங்களே ஊகித்திருப்பீர்கள். பெரியப்பா சட்டைப்பையில் போனை ஆன் செய்தபடியே பேங்க்குக்குப் போனார். கவுன்டரில் இருந்த பெண், "எதுக்கு சார் இவ்வளவு பணம்?" என்று கேட்டிருக்கிறாள். "பேத்தி படிப்புக்கு" என்றாராம். எனக்குத் தெரிந்து அவர் சொன்ன முதல் பொய் அதுதான். 6 லட்சத்து 40 ஆயிரம் போயிற்று.

ஆனால் நான் சொல்ல வந்தது பணம் போன கதை இல்லை. அதற்கப்புறம் நடந்தது. பெரியப்பா 11 நாள் யாரிடமும் மூச்சு விடவில்லை. பெரியம்மாவிடம்கூட! பன்னிரண்டாவது நாள் பேங்க் பாஸ்புக் காட்டிக்கொடுத்தது. வீடு நிறைய சொந்தக்காரர்கள். ஆளுக்கு ஆள் ஒரே கேள்வி.

"இவ்வளவு படிச்சிருக்கீங்க... எப்படி ஏமாந்தீங்க?"

பெரியப்பா யாருக்கும் பதில் சொல்லவில்லை. எல்லோரும் போன பிறகு என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, சம்பந்தமே இல்லாமல் ஒரு கேள்வி கேட்டார். "கான் மேன்ங்கறாங்களே... அந்த 'கான்' என்னன்னு தெரியுமாடா?"

ஜெயிலுக்குப் போனவனை 'கான்விக்ட்' என்கிறோமே, அதன் சுருக்கமாக இருக்கும் என்று நினைத்தேன். சொன்னேன். வாத்தியார் சிரிப்பு ஒன்று சிரித்தார். "தப்பு. கான்ஃபிடன்ஸ். நம்பிக்கை! மோசடிக்காரனுக்கு இங்கிலீஷ்காரன் வெச்சிருக்கற பேர் 'நம்பிக்கை மனுஷன்'. போய்ப் படிச்சுப் பாரு."

படித்தேன். அந்த வார்த்தைக்குப் பிறந்த ஊர், பிறந்த வருஷம் எல்லாம் உண்டு.

1849. நியூயார்க். வில்லியம் தாம்ப்ஸன் என்று ஒருவன் (அவனுக்கு இன்னும் நிறையப் பெயர்கள் இருந்தன). நன்றாக உடுத்திக்கொண்டு தெருவில் நடப்பான். எதிரே வசதியான ஒருவர் வந்தால், ரொம்ப நாள் பழகியவன் மாதிரி நின்று பேச்சுக் கொடுப்பான். 'எங்கேயோ பார்த்திருக்கிறோம் போல, நமக்குத்தான் ஞாபகம் வரவில்லை' என்று அவர் தடுமாறிக்கொண்டிருக்கும்போதே, பேச்சுவாக்கில் ஒரு கேள்வி. 'நாளை வரைக்கும் உங்கள் கடிகாரத்தை என்னிடம் கொடுத்து வைக்கிற அளவுக்கு என்மேல் உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதா?'

கத்தி இல்லை. மிரட்டல் இல்லை. ஒரே ஒரு கேள்வி. ஆட்களும் கழற்றிக் கொடுத்தார்கள்! அவன் வாங்கிக்கொண்டு போனான். 'நாளை' வரவே இல்லை.

தாமஸ் மெக்டொனால்டு என்பவர் அந்த மே மாதம் அப்படிக் கொடுத்த தங்கக் கடிகாரத்தின் விலை 110 டாலர். ஜூலையில் தற்செயலாக லிபர்ட்டி தெருவில் அதே ஆளைப் பார்த்துவிட்டார். பக்கத்தில் இருந்த போலீஸ்காரரைக் கூப்பிட, ஆள் பிடிபட்டான். 'நியூயார்க் ஹெரால்டு' பத்திரிகை அந்தச் செய்தியில் அவனைக் 'கான்ஃபிடன்ஸ் மேன்' என்று குறிப்பிட்டது. அவன் கேட்ட கேள்வியிலிருந்தே அவனுக்குப் பெயர். பெயர் ஊரெல்லாம் பரவியது. 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் வால் அறுந்து 'கான் மேன்' ஆகிவிட்டது. தாம்ப்ஸனை இன்றைக்கு யாருக்கும் தெரியாது. அவனுடைய கேள்வி மட்டும் அகராதியில் உட்கார்ந்துவிட்டது.

'கான்ஃபிடன்ஸ்' என்ற சொல்லையும் கொஞ்சம் தோண்டிப் பார்க்கலாம். லத்தீனில் 'ஃபிதெரே' என்றால் நம்புவது. முன்னால் 'கான்' சேர்த்தால் முழுசாக நம்புவது. இந்த வேரில் பிறந்தவர்கள் யார் யார் தெரியுமா? கல்யாணம் நிச்சயமானவரைக் குறிக்கும் 'ஃபியான்ஸே'. கோர்ட்டில் சத்தியம் செய்து கொடுக்கிறோமே, 'அஃபிடவிட்'. மூலத்தில் இருந்தபடியே ஒலிக்கும் பாட்டுப்பெட்டிக்குச் சொன்ன 'ஹை-ஃபை'யில் உள்ள 'ஃபை'. ஆபிரகாம் லிங்கன் வளர்த்த நாயின் பெயர் ஃபைடோ, அதுவும் இதே குடும்பம்தான். நிச்சயமான பெண், நீதிமன்றப் பிரமாணம், வீட்டு நாய், மோசடிக்காரன் எல்லோரும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்!

இதில்தான் விஷயம் இருக்கிறது. திருடன் என்ற சொல் திருடனுடைய செயலைச் சொல்கிறது. கொலைகாரன் என்பதும் அப்படியே. ஆனால் 'கான்ஃபிடன்ஸ் மேன்' என்பதில் இருக்கும் 'கான்ஃபிடன்ஸ்' யாருடையது? அவனுடையது இல்லை. மெக்டொனால்டுடையது. கடிகாரம் கொடுத்தவரின் நல்ல குணத்தை எடுத்து, வாங்கிக்கொண்டு ஓடியவனுக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள்.

தமிழ் மட்டும் என்னவாம்? 'மாறு' என்பது தன்வினை, 'மாற்று' பிறவினை. 'ஆறு', 'ஆற்று'. 'தேறு', 'தேற்று'. அதே கணக்கில்தான் 'ஏமாறு', 'ஏமாற்று'. அதாவது நம் மொழியில் ஏமாறுவதுதான் மூலச்சொல். ஏமாற்றுவது அதிலிருந்து கிளைத்தது. இலக்கணப்படி பார்த்தாலே ஏமாறுகிறவர் இல்லாமல் ஏமாற்றுக்காரனுக்குப் பிழைப்பில்லை.

சட்டமும் இந்த வித்தியாசத்தைக் கவனித்திருக்கிறது. திருடன், நமக்குத் தெரியாமல், சம்மதம் இல்லாமல் எடுக்கிறான். மோசடிக்காரன் எடுப்பதே இல்லை. நாம்தான் நம் கையால் கொடுக்கிறோம். 1860ஆம் வருஷத்து இந்திய தண்டனைச் சட்டத்தில் அப்படி நம்மைக் கொடுக்க வைப்பதற்கென்றே ஒரு பிரிவு இருந்தது. அதன் எண்தான் 420! 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டம் வந்து, அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவுக்குள் போய்விட்டது. ஆனாலும் யாரையும் 'சரியான த்ரீ எய்ட்டீன்' என்று திட்டி நான் கேட்டதில்லை. பட்டம் கொடுத்தால் கொடுத்ததுதான்!

நம் கையால் கொடுக்கிறோம் என்பதுதான் வலியே. வீட்டில் திருட்டுப் போனால் ஊரைக் கூட்டிச் சொல்கிறோம். ஏமாந்தால் மூடி மறைக்கிறோம். பூட்டை உடைத்தால் பூட்டின் மேல் தப்பு. நம்பிக் கொடுத்தால் என் மேல் தப்பு. பெரியப்பாவின் 11 நாள் மௌனம் அதுதான்.

இந்த வெட்கம் யாருக்கு லாபம்?

விக்டர் லுஸ்டிக் என்று ஒரு பிரசித்தி பெற்ற கான் மேன். 1925ல் பாரிஸில், 'ஈஃபில் கோபுரத்தைப் பராமரிக்க முடியவில்லை, பழைய இரும்புக்குப் போடப்போகிறோம்' என்று அரசு அதிகாரி மாதிரி நடித்து, ஒரு இரும்பு வியாபாரியிடம் அதை விற்றான் என்பார்கள். ஏமாந்த வியாபாரி வெட்கப்பட்டுக்கொண்டு போலீஸுக்கே போகவில்லையாம். லுஸ்டிக் என்ன செய்தானாம்? கொஞ்ச நாள் கழித்துத் திரும்பி வந்து அதே கோபுரத்தை இன்னொருவருக்கு விற்கப் பார்த்தானாம்! கதையில் மசாலா சேர்ந்திருக்கலாம். ஆனால் கணக்கு சரி. முதல் ஆள் வாயைத் திறந்திருந்தால் இரண்டாவது ஆளைத் தேடி அவன் வந்திருக்க முடியாது. (பிற்பாடு அமெரிக்காவில் கள்ளநோட்டுக்காகப் பிடிபட்டு, அல்கட்ராஸ் சிறைக்குப் போய், 1947ல் இறந்தான்.)

ஏமாந்தவனை நாம் கேலி செய்யும் ஒவ்வொரு முறையும், அடுத்த லுஸ்டிக்குக்குக் கதவைத் திறந்து வைக்கிறோம்.

'அதெல்லாம் சரி, ஆசைப்படாதவனை யாராலும் ஏமாற்ற முடியாது' என்று ஒரு கட்சி உண்டு. அதிலும் உண்மை இல்லாமல் இல்லை. 1920ல் பாஸ்டனில் சார்லஸ் போன்ஸி, 45 நாளில் 50 சதவிகித லாபம் என்றபோது ஜனங்கள் வரிசையில் நின்று பணம் கட்டினார்கள். பின்னால் வந்தவரின் பணத்தை எடுத்து முன்னால் வந்தவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான். நம் ஊரிலும் எத்தனையோ ஃபைனான்ஸ் கம்பெனிகளின் பூட்டிய கதவுக்கு முன்னால் கூட்டம் நின்றிருக்கிறது. 45 நாளில் பாதி லாபம் எந்த நியாயமான தொழிலிலும் கிடைக்காது என்று நாம் யோசித்திருக்க வேண்டும்தான்.

ஆனால் மெக்டொனால்டைப் பாருங்கள். கடிகாரம் கொடுத்தால் அவருக்கு என்ன கிடைக்கும்? வட்டியா, பரிசா? ஒன்றுமில்லை. எதிரே நிற்கும் மனிதனிடம் 'உன்னை நம்பவில்லை' என்று முகத்துக்கு நேரே சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கும். அவ்வளவுதான். தாம்ப்ஸன் தூண்டில் போட்டது பேராசைக்கு இல்லை, மரியாதைக்கு.

பெரியப்பாவையும் பாருங்கள். அவர் எதற்கு ஆசைப்பட்டார்? அவரே சொன்னார்: "கோர்ட்டு, போலீஸ்னு சொன்னா மதிக்கணும்னு எழுபத்திரண்டு வருஷமா பழகிட்டேன்டா. அந்தப் பழக்கத்தை எடுத்துத்தான் என்னை அடிச்சான்." சட்டத்தை மதிக்காத ஒருவனிடம் இந்த வித்தை பலித்திருக்காது. 'போடா' என்று போனை வைத்திருப்பான்.

தாம்ப்ஸன் பிடிபட்டபோது அமெரிக்கப் பத்திரிகைகளிலும் இந்த விவாதம் நடந்தது. ஹெரால்டு பத்திரிகை கிண்டலாக எழுதியது: இவன் பாவம், சின்ன அளவில் செய்தான், சிறையில் இருக்கிறான். இதே வேலையைப் பெரிய அளவில் வால் ஸ்ட்ரீட்டில் செய்கிறவர்கள் மாளிகையில் இருக்கிறார்கள்! எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொரு கருத்து. வணிகர்களுக்கான ஒரு பத்திரிகை எழுதியது. அதை 'லிட்டரரி வேர்ல்ட்' என்ற இதழ் அந்த ஆகஸ்டில் எடுத்துப் போட்டது. சாரம் இதுதான்: மனிதன் மனிதனை நம்புகிறான் என்பதை மட்டும் வைத்து ஒருவன் இவ்வளவு சம்பாதிக்க முடிந்தது என்றால், மனித குலம் இன்னும் கெட்டுப்போகவில்லை என்று அர்த்தம். எந்தக் கதைக்கும் மசியாமல் எப்போதும் உஷாராக இருக்கும் ஆள், தானே ஒரு கல்நெஞ்சக்காரனாக மாறும் வழியில் ரொம்ப தூரம் போய்விட்டவன். ஏமாறக்கூடிய மனிதர்கள் இருப்பது ஊருக்கு நல்ல சகுனம்!

எழுதியது சாமியார் பத்திரிகை இல்லை, வியாபாரிகள் பத்திரிகை. அவர்களுக்குத் தெரியும், நம்பிக்கை இல்லாமல் கடை நடத்த முடியாது. கடன் என்பதற்கான 'கிரெடிட்'டே 'நம்பு' என்ற லத்தீன் வேரிலிருந்து வந்ததுதானே.

அந்தக் காலத்து நியூயார்க்கையும் யோசித்துப் பாருங்கள். 1840ல் சுமார் 3 லட்சம் பேர். 1850ல் 5 லட்சத்துக்கு மேல்! பத்தே வருஷத்தில் ஊர் முழுக்கப் புதுமுகங்கள். கிராமத்தில் 'இன்னார் மகன்' என்று தெரிந்து நம்பலாம். நகரத்தில் கோட்டையும் பேச்சையும் பார்த்துத்தான் நம்ப வேண்டும். பஸ் டிரைவரை, மருந்துக்கடைக்காரரை, ஹோட்டல் சமையல்காரரை நாமும் பேர்கூடத் தெரியாமல்தான் தினமும் நம்புகிறோம். இதை நிறுத்தினால் வீட்டை விட்டு வெளியே கால் வைக்க முடியாது. மோசடிக்காரன் இந்த அஸ்திவாரத்திலிருந்துதான் செங்கல் உருவுகிறான்.

ஜெர்மன் தத்துவஞானி கான்ட் 1785ல் ஒரு உதாரணம் சொன்னார். திருப்பித் தரமாட்டோம் என்று தெரிந்தே, 'தருகிறேன்' என்று வாக்குக் கொடுத்து ஒருவன் கடன் வாங்குகிறான். எல்லோரும் இப்படியே செய்தால்? வாக்கு என்பதற்கே அர்த்தம் போய்விடும். 'தருகிறேன்' என்றால் கேட்பவர் சிரிப்பார். அப்போது பொய் வாக்குக்கூட செல்லுபடியாகாது! கள்ளநோட்டு எப்படிச் செல்கிறது? ஊரில் நல்ல நோட்டு இருப்பதால். பொய் சொல்கிறவனும் உண்மை பேசுகிறவர்கள் சேர்த்து வைத்த முதலில்தான் குளிர்காய்கிறான்.

அப்படியானால் மோசடியில் உண்மையில் நஷ்டப்படுவது யார்? எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எழும்பூர் ரயில் நிலைய வாசலில் ஒருநாள் ஒருவர் வந்தார். பர்ஸ் தொலைந்துவிட்டது, விருத்தாசலம் போகணும் என்றார். 200 ரூபாய் கொடுத்தேன். மறு வாரம் அதே இடத்தில் அதே ஆள், அதே விருத்தாசலம், வேறொருவரிடம்! சிரித்துக்கொண்டே போய்விட்டேன். 200 ரூபாய்தானே. ஆனால் ஒரு மாதம் கழித்து, இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் வந்து, "சார், ஊருக்குப் போகக் காசில்ல" என்று ஆரம்பித்தபோது, முழுசாகக் கேட்காமலே கையை ஆட்டிவிட்டு நடந்தேன். அவள் சொன்னது பொய்யா நிஜமா? எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் நிற்கவில்லை. நிஜமாக இருந்திருந்தால், அந்த விருத்தாசலத்து ஆள் ஏமாற்றியது என்னை இல்லை. அவளை.

ஒவ்வொரு மோசடியின் பில்லும் கடைசியில் இப்படி யாரோ ஒரு நேர்மையானவர் தலையில்தான் விழுகிறது.

அதற்காகக் கேட்டவர்களுக்கெல்லாம் கடிகாரத்தைக் கழற்றிக் கொடுங்கள் என்று சொல்லவில்லை. 'மோபி டிக்' எழுதிய ஹெர்மன் மெல்வில் 1857 ஏப்ரல் 1 அன்று 'தி கான்ஃபிடன்ஸ் மேன்' என்றே ஒரு நாவல் வெளியிட்டார். அதில் ஒரு சவரக்கடைக்காரர் 'நம்பிக் கடன் தருவதில்லை' என்று போர்டு மாட்டியிருப்பார். பேச்சில் மயங்கிப் போர்டைக் கழற்றுவார். முகம் மழித்துக்கொண்டவன் காசு கொடுக்காமல் போய்விடுவான். போர்டு இருந்தால் மனிதாபிமானம் போகிறது, எடுத்தால் காசு போகிறது. என்னதான் செய்வது?

எனக்குத் தோன்றும் வழி ஒன்று உண்டு. நம்புவது வேறு, சரிபார்ப்பது வேறு. மளிகைக்கடை அண்ணாச்சி மேல் எனக்கு நம்பிக்கை உண்டு. பில்லையும் ஒருதரம் பார்த்துக்கொள்கிறேன். அவர் கோபித்துக்கொள்வதில்லை. நேர்மையானவர் சரிபார்க்க நேரம் கொடுப்பார். மோசடிக்காரனால் கொடுக்க முடியாதது அது ஒன்றுதான். தாம்ப்ஸனிடம் 'நாம் எங்கே சந்தித்தோம், ஞாபகம் இல்லையே?' என்று மெக்டொனால்டு கேட்டிருக்கலாம். 'போனை வைக்காதே' என்று சொன்னவனிடம் பெரியப்பா, 'ஸ்டேஷனுக்கு நேர்ல வர்றேன்' என்று சொல்லியிருக்கலாம். அது மரியாதைக் குறைவு ஆகாது. அந்தச் சின்னக் கூச்சத்தை மட்டும் விட்டால் போதும், குணத்தை விட வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு, இது ஏமாந்தவருக்கு இல்லை, சுற்றி இருக்கும் நமக்கு. இந்த மாதிரி மோசடியில் பணம் கணக்கு மாறி மாறி ஓடிக்கொண்டே இருக்கும். சீக்கிரம் புகார் கொடுத்தால் வழியில் முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு. அதற்கென்றே 1930 என்று ஒரு எண் இருக்கிறது. பெரியப்பா அன்றைக்கே சொல்லியிருந்தால் கொஞ்சமாவது தப்பியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? 'எப்படி ஏமாந்தீங்க?' என்று நாங்கள் கேட்போம் என்று அவருக்குத் தெரியும். நாங்களும் அப்படியே கேட்டோம்.

அன்று இரவு கிளம்பும்போது பெரியப்பாவிடம், "படிச்சேன் பெரியப்பா. கான்னா நம்பிக்கை. அது அவனோட நம்பிக்கை இல்ல, உங்களோடது" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "அதை உன் பெரியம்மாகிட்ட கொஞ்சம் சொல்லிட்டுப் போடா" என்றார்.

உங்கள் வீட்டில் யாராவது தயங்கித் தயங்கி, "ஒரு தப்பு நடந்துபோச்சு..." என்று ஆரம்பித்தால், 'எப்படி?' என்று கேட்காதீர்கள். 'எப்போ?' என்று கேளுங்கள். கேட்டுக்கொண்டே போனை எடுங்கள்.